தீவுக்காரருக்கு ஒரு சொல்

மனிதன் முதலில் கண்டுபிடித்தது நெருப்பு என்பார்கள். தவறு. அதற்குப் பெயர் வைக்க முதலில் ஒரு குழு அமைத்திருப்பான். அந்த மரபில் வந்த சொல்லாக்கக் குழுவுக்கு நான்தான் செயலாளர் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எதிர்த் தீவிலிருந்து ஒரு தையற்கார அம்மா வந்தார். மகள் முழுகாமல் இருக்கிறாளாம். ஆஸ்பத்திரி இக்கரையில். படகிலோ உல்லாசப் பயணிகளே நிரம்பிவிடுகிறார்கள்.

"காலைப் படகு தீவுக்காரங்களுக்கு மட்டும்னு ஒரு பலகை வெச்சுடுங்கய்யா, போதும்."

தலைவர் முகம் சுளித்தார். "தீவுக்காரங்களா? கடன்காரங்க மாதிரி இருக்கே."

"நாங்க அப்படித்தானேய்யா சொல்லிக்கிறோம்?"

"நீங்க சொல்றது வெறும் 'வழக்கு'ம்மா. நாங்க சொன்னாத்தான் அது 'சொல்'."

குழு கூடியது. "தீவினர்" என்றார் ஒரு புலவர். அது 'தீவினை'க்குப் பக்கத்து வீடு என்று இன்னொரு புலவர் தடுத்தார். "தீவாசி" என்றதும் தீயில் குடியிருப்பவரா என்று சண்டை வந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் தேநீர் ஆறியது. கடைசியில் தலைவர் "தீவர்" என்று அருளினார். மூன்றே எழுத்து! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பலகை எழுதுபவர் அப்படியொரு சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. பெரியவர்கள் அவசரத்தில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள் என்று இரக்கப்பட்டு அவரே திருத்திவிட்டார்: "இப்படகு தீயவர்களுக்கு மட்டும்."

உல்லாசப் பயணிகள் பலகையைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த அளவில் வெற்றிதான்.

எங்கள் சொல் எப்படிப் புழங்குகிறது என்று பார்க்கக் குழு முழுவதுமாக முந்தின நாள் மாலையே தீவுக்குப் போனோம். மறுநாள் காலை தோணித்துறையில் அந்த அம்மா மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளுக்கு இப்போது நிறைமாதம். இடுப்பில் கை வைத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். படகு காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

படகுக்காரர் விதி தவறாதவர். "அம்மா, நீங்க தீயவரா?"

"இல்லைங்கண்ணே."

"அப்போ ஏத்த முடியாதேம்மா."

தலைவர் நிலைமையை உடனே புரிந்துகொண்டார். எழுத்துப்பிழை குறித்து அடுத்த வாரம் சிறப்புக் கூட்டம் என்று அங்கேயே அறிவித்தார். பிறகு, காலைச் சிற்றுண்டி வேளை ஆகிவிட்டதால், படகில் கால் வைத்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

படகுக்காரர் கையை நீட்டி மறித்தார். "சார், நீங்கள்லாம்?"

தலைவர் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடினார். அந்த அம்மாதான் பதில் சொன்னார்.

"அவங்களை ஏத்திக்கோங்கண்ணே. பலகையில போட்டிருக்கிறது அவங்களைத்தான்."