மூன்று பென் டிரைவும் இருபத்திரண்டு தீர்த்தமும்

சொன்ன பேச்சைக் கேட்காத மாணவனை எப்படியாவது திருத்திவிடலாம். சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்கிறவனை வைத்துக்கொண்டு ஒரு ஆசிரியை படும் பாடு இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். பாடாய்ப் படுத்தியவன் நான்.

ராமநாதபுரத்தில் எங்களுக்கு பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர் வளர்மதி மிஸ். லேபில் எட்டு கம்ப்யூட்டர்கள். மூன்று ஓடும், ஒன்று மனது வைத்தால் ஓடும், மிச்சம் நான்கின் மேல் சாப்பாட்டுப் பைகளை வைப்போம். கமுதிப் பக்கத்து மிளகாய் விவசாயி மகனான என்னைப் பள்ளி விட்ட பிறகும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். என்னை நம்பிய முதல் ஆள் அவர்தான். ஏன் நம்பினார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று சொல்லும் ஒரு ப்ரோகிராமை நானும் அவரும் ஆறு மாதம் மாரடித்து எழுதினோம். அதை ராமேஸ்வரத்தில் நடக்கும் கண்காட்சியில் வைக்க வேண்டும். ஜெயிக்கும் பள்ளிக்குப் பத்துப் புதுக் கம்ப்யூட்டர்கள். மிஸ் அந்தப் பத்துக்கும் லேபில் இடம்கூடக் குறித்து வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "ஏலே முருகேசா, மூணு காப்பி எடுத்துக்க. யாரு கையிலயும் குடுக்காத. ஒன் ஒடம்ப விட்டு எறக்காத. காலைல பத்து மணிக்கு நான் அங்கன வந்துருவேன்" என்றார்.

எடுத்தேன். மூன்று பென் டிரைவ். உடம்பை விட்டு இறக்கவில்லை. இதில் என் தப்பு என்ன?

துணைக்கு, நான் அய்யா என்று கூப்பிடும் அப்பாவும் அத்தையும் கிளம்பினார்கள். (கண்காட்சிக்கு எதற்கு அத்தை என்று கேட்கும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.) விடியற்காலையில் ராமேஸ்வரத்தில் இறங்கியதும் அத்தை நேரே கடலைப் பார்த்து நடந்தார்.

"அத்தை, பத்து மணிக்குப் போட்டி."

"பத்து மணிக்குத்தானப்பா. ராமேசுரம் வந்துட்டு தீர்த்தமாடாமப் போனா ஊரு என்னத்தச் சொல்லும்? போட்டிக்குப் போறவன் பாவத்தோடயா போவான்?"

அய்யா ஏற்கெனவே சட்டையைக் கழற்றியிருந்தார். பைகளை ஒரு கடையில் ஒப்படைத்தார்கள். யார் கையிலும் கொடுக்கக் கூடாதே. மூன்று பென் டிரைவையும் ஒரு கேரி பேக்கில் சுற்றி, அத்தையின் சுருக்குப் பையில் போட்டு, வேட்டிக்குள் இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதலில் கடலில் மூன்று முங்கு. பிறகு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம். ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் ஒருவர் நின்றுகொண்டு வாளி வாளியாய்த் தலையில் ஊற்றினார். அந்தக் கேரி பேக்குக்குத் தண்ணீரை உள்ளே விடத் தெரிந்திருந்தது. வெளியே விடத்தான் தெரியவில்லை.

கண்காட்சி நடந்த பள்ளியில் மிஸ் கஞ்சி போட்ட சேலையில் காத்திருந்தார். "எல்லாம் பத்தரமா இருக்காடா?" என்றார். "என்கிட்டத்தான் இருக்கு மிஸ்" என்றேன். அவர் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குப் போனார். நான் சுருக்குப் பையை அவிழ்த்தேன். மேசையில் கடல் ஓடியது.

பதற்றத்தில் வேட்டியால் துடைத்துவிட்டு ஒன்றைச் சொருகினேன். செத்தது. இரண்டாவதைச் சொருகினேன். அதுவும் செத்தது. அறிவுள்ள எவனும் அங்கே நிறுத்தியிருப்பான். மூன்றாவதைச் சொருகினேன். இந்தத் தடவை கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்தது.

மிஸ் வந்தார். ஈர வேட்டியையும் மேசையையும் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"மூணையும் ஒரே இடுப்புலயா வச்சிருந்த?"

"நீங்கதான் மிஸ் ஒடம்ப விட்டு எறக்காதன்னீங்க."

"ஒரே இடுப்புல மூணு வச்சா அது ஒரு காப்பிதாண்டா. சரி, காய வச்சாவது சொருகியிருக்கலாம்ல. ஒண்ணு போனதப் பாத்துட்டு ரெண்டாவத ஏன் சொருகுன?"

"அது நல்லாருக்கான்னு பாத்தேன் மிஸ்."

"மூணாவத?"

நான் வேட்டி முனையைப் பிழிய ஆரம்பித்தேன்.

மூலப் பிரதி இருந்தது பூட்டிக் கிடந்த எங்கள் பள்ளி லேபில். அதன் சாவி இருந்தது மிஸ்ஸின் கைப்பையில். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். இந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே வந்தார். "டீச்சர், பிள்ள தீர்த்தமெல்லாம் ஆடிட்டுத்தான் வந்திருக்கான். செயிச்சுருவான்."

"அவன் மட்டுமா ஆடுனான்" என்றார் மிஸ்.

நடுவர்கள் முன்னால் இருட்டுத் திரையைக் காட்டிக் கமுதி பஸ் எத்தனை மணிக்கு என்று வாயால் சொன்னேன். தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். பத்துக் கம்ப்யூட்டர்களும் வேறு பள்ளிக்குப் போயின.

திங்கட்கிழமை பிரேயரில் எல்லார் முன்னாலும் தலைமையாசிரியர் மிஸ்ஸைக் கேட்டார், என்ன ஆயிற்று என்று. "நான் சரியாப் பாத்து எடுத்துட்டுப் போகல சார். என் தப்புதான்" என்றார் மிஸ். மூன்றாவது வரிசையில் நின்றிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அன்று சாயங்காலம் லேபுக்குப் போய் அழுதேன். "அந்த ப்ரோகிராம் பூராவும் பாவமா இருந்திருக்கும்டா. அதான் தீர்த்தத்துல கரைஞ்சு போச்சு. உக்காரு, முதல்ல இருந்து எழுதுவோம்" என்றார்.

இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலையே தகவல்களுக்குக் காப்பி எடுத்து வைப்பதுதான். இந்தக் கதையைக் கேட்டவர்கள் அதை நம்புவதில்லை.

போன வருடம் என் கல்யாணத்துக்கு, ஓய்வு பெற்றுவிட்ட மிஸ் வந்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, மேடையில் நின்ற அய்யாவைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "தாலி யாருகிட்ட இருக்கு? மாப்ள இடுப்புல இல்லையே?"

மண்டபமே சிரித்தது. அய்யா சிரிக்கவில்லை. நேரே என்னிடம் வந்து, அத்தனை பேர் பார்க்க, என் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.