இரண்டாவது பொட்டலம்

கார் வாங்கப் போய் ஏமாந்தவர்கள் உண்டு, நண்பனைப் பகைத்துக்கொண்டவர்கள் உண்டு. கார் வாங்கப் போய்ப் பூவைத் தின்று ஆஸ்பத்திரியில் படுத்தவன், எனக்குத் தெரிந்து, விழுப்புரம் மாவட்டத்தில் நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து ஒரு டீ குடிக்கலாம்.)

விழுப்புரத்தில் பம்ப்செட் மோட்டார் கடை வைத்திருக்கிறேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. மனைவி செல்வி, உயரம் நாலடி பத்தங்குலம். (கதைக்குத் தேவைப்படுவதால் சொல்கிறேன். வீட்டில் சொல்ல மாட்டேன்.) மகள் யாழினி அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் கைக்கு எட்டிய விலையில் இரண்டு எஸ்யூவிகள் இருந்தன. சின்னது விழுப்புரம் ஷோரூமில். பெரியது திண்டிவனம் ஷோரூமில்.

செல்விக்குச் சின்னது பிடித்துவிட்டது. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் அவளுக்குப் பானட் தெரிந்தது, கிளட்ச் காலுக்கு எட்டியது. அதற்கு ஆறு மாதம் முன்பே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, எட்டுப் போட்டு, லைசென்ஸ் வாங்கி பீரோவில் வைத்துக் காத்திருந்தாள். அவள் அம்மா பெருமுக்கல் பக்கத்தில் ஒரு ஊரில் தனியாக இருக்கிறார். அவருக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தால் செல்வி என் கடை வாசலில் வந்து நிற்பாள். நான் ஏதோ ஒரு முகையூர்க்காரரிடம் எரிந்துபோன மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். "இதோ" என்பேன். அந்த "இதோ" சில நாள் சாயங்காலம் வரை நீளும்.

"உங்களக் கேட்டுக்கினு நிக்காம நானே போய் வர மாதிரி ஒரு வண்டி வேணும்ங்க" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

எனக்குப் பெரியதுதான் வேண்டும். காரணம் அதன் கூரையில் இருந்த சன்ரூஃப். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாத ஊரில், கூரையைத் திறந்து தலையை வெளியே நீட்ட ஒருவன் ஆசைப்படுகிறான் என்றால், அவன் மூளை ஏற்கெனவே வெந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று வாரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். என் ரத்த வகை எனக்குத் தெரியாது, இரண்டு வண்டிகளின் கிரவுண்ட் கிளியரன்ஸையும் மில்லிமீட்டரில் சொல்வேன்.

"அந்தப் பெரிய வண்டில உக்காந்தா எனக்கு ரோடே தெரியலங்க. வானந்தான் தெரியுது" என்றாள் செல்வி.

"கீழ ஒரு தலகாணி போட்டுக்க."

"தலகாணி போட்டா கால் எட்டல. காலுக்கு இன்னா கட்டறது, கட்டையா?"

நான் மைலேஜைப் பற்றிப் பேசினேன்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "எங்க ஊரு அம்மன்கிட்ட பூ கட்டிப் பாத்துடலாம். ஆத்தா சொல்றதுதான். அதுக்கப்புறம் நீங்களும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். செல்வி பிளஸ் ஒன் சேர்ந்தது அப்படித்தான். என்னைக் கட்டிக்கொண்டதும் அப்படித்தான். வெள்ளை வந்தால் நான் என்று வேண்டிக்கொண்டு அவள் அப்பாவே பொட்டலம் கட்டினாராம். வெள்ளை வந்தது. இதை அவள் எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். என்னைப் பற்றி அவள் பெருமையாகச் சொன்னது குறைவு என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். என் மச்சானிடமும் அதே சின்ன மாடல்தான், செல்வி ஓட்டிப் பார்க்கட்டும் என்று கொடுத்திருந்தான். ஓட்டிப் பார்த்தது நான். செல்வி கேட்டதற்கு, "பைபாஸ்ல வாணாம், கிராமத்து ரோடு வரட்டும்" என்றேன். கிராமத்து ரோடு வந்ததும், "இதோ கோயிலே வந்துடுச்சு" என்றேன்.

பூசாரி அபிஷேகத்தில் இருந்தார். ஒரு தட்டில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் வைத்து, கிழித்த செய்தித்தாள் இரண்டு துண்டும் கொடுத்தார். வெள்ளை என்றால் சின்ன வண்டி, சிவப்பு என்றால் பெரிய வண்டி. தட்டைச் செல்வி என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே கட்டுங்க. நான் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றாள்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. கை செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நந்தியாவட்டை என் சட்டைப் பைக்குள் போனது. இரண்டு பொட்டலத்திலும் அரளி போனது. அம்மன் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கைப் பார்த்தேன்.

யாழினி ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

செல்வி அந்தச் சிவப்பைப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தாவே சொல்லிட்டா. சரிங்க, திண்டிவனத்துக்கே போயி புக் பண்ணிடலாம்" என்றாள். வாக்குத் தவறவில்லை, முகம் கூடச் சுளிக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்போதுதான் பூசாரி சொன்னார். "அந்த இன்னொண்ணயும் பிரிங்க சார். வெள்ளப் பூவ அம்மா தலைல வெச்சிக்கட்டும். ஆத்தா கால்ல இருந்த பூவ கீழ போடக் கூடாது."

யாழினி குனிந்தாள். அவளுக்கு முன்னால் நான் பாய்ந்து பொட்டலத்தை எடுத்தேன். இந்த இடத்தில் புத்தியுள்ளவன் செய்திருக்கக்கூடிய காரியங்கள் நிறைய. தவறி விழுந்த மாதிரி விளக்கில் போட்டிருக்கலாம். பைக்குள் வைத்து "வீட்டில் போய் வைத்துக்கொள்" என்றிருக்கலாம். நான் பொட்டலத்தைக் காகிதத்தோடு வாயில் போட்டுக்கொண்டேன்.

"பிரசாதம்" என்றேன், மென்றுகொண்டே.

யாழினிதான் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அப்பா, ஒதட்டுல செவப்பா ஒட்டிக்கினு இருக்கு."

பூசாரி கையிலிருந்த சொம்பை வைத்தார். "சார், அது அரளி. அத்த முழுங்கினா பேஜாரு சார்."

பாதி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. அரளியை நான் பார்த்திருக்கிறேன், அதை எதற்குத் தின்பார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். உடனே எனக்கு நெஞ்சு படபடத்தது, கால் இழுத்தது, காது அடைத்தது. (இதில் ஒன்றுகூட அரளியால் வந்ததல்ல என்று டாக்டர் பிறகு சொன்னார்.)

"யோவ், துப்புயா" என்றாள் செல்வி. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் என்னை "யோவ்" என்றது அன்றுதான். என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினாள். "யாழு, அப்பாவ ஏத்து. ஜல்தி."

லைசென்ஸ் வாங்கிய பிறகு அவள் ஓட்டிய முதல் வண்டி அது, முதல் ரோடு அது. எதிரே மரக்காணம் பஸ் வந்தது. ஒதுங்கி, விட்டு, திரும்ப ஏறினாள். மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டை ஏற்றிய டிராக்டரை முந்தினாள். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தபோது தாண்டியிருந்தோம். வழியில் அந்த ஷோரூம் வந்தது. மாலை போட்டு ஒரு பெரிய வண்டி வாசலில் நின்றது. நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரு பெண். "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

"அரளிங்க" என்றாள் செல்வி.

பக்கத்துக் கட்டில்களில் பேச்சு நின்றது. எங்கள் வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில் அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல ஏதாவது சண்டையாம்மா?"

"சண்டைலாம் இல்லீங்க. கார் வாங்கறதுல கொஞ்சம் பேச்சு."

தகவல் போய் ஒரு ஏட்டு நோட்டோடு வந்தார். நல்ல மனிதர். செல்வியைப் பார்த்து, "இன்னாமா நீ, ஆம்பள ஒரு வண்டிக்கு ஆசப்பட்டா வாங்கிக்கோன்னு சொல்லிட வேண்டியதுதான. இப்டி ஆவுற வரைக்குமா உடுவ?" என்றார். பக்கத்துக் கட்டில் அம்மாள் உச்சுக் கொட்டினார். செல்வி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சற்று முன் மேம்பாலத்தைத் தாண்டியவள் அவள். புருஷனை அரளி தின்ன வைத்தவளாக அங்கே நின்றாள்.

அதை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. சட்டைப் பையில் கை விட்டு, கசங்கிப்போன நந்தியாவட்டையை எடுத்து வெளியே வைத்தேன்.

"அவ மேல தப்பு இல்லீங்க. ரெண்டு பொட்டலத்துலயும் நான்தான் செவப்பு வெச்சேன். இவ பாத்துடுவான்னு ஒண்ண முழுங்கிட்டேன்."

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். பேனா மூடியைப் போட்டார், மறுபடி கழற்றினார். "இத்த நான் இன்னான்னு எழுதறது சார்? தவறுதலா சாப்ட்டீங்களா, வேணும்னே சாப்ட்டீங்களா?"

"வேணும்னே தப்புப் பண்ணேன். தவறுதலா சாப்ட்டேன்."

நெஞ்சில் ஒயர் ஒட்டி, மறுநாள் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். செல்வி கத்தவில்லை. அந்த வெள்ளைப் பூவை எடுத்துப் பார்த்தாள்.

"இத்த எப்ப எடுத்தீங்க?"

"நீ திரும்பி நின்னப்ப."

"நீங்க ஒண்ணும் என்னத் திரும்பச் சொல்லல. நானாதான் திரும்பினேன்" என்றாள். கத்தியிருக்கலாம்.

சின்ன வண்டியே வாங்கினோம். வீட்டில் இப்போது நான் இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். இட்லியா தோசையா என்று கேட்டால் யாழினி கையை நீட்டுகிறாள்: "அப்பா, ரெண்டு பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டு." கண்டாச்சிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பாரா வத்தக்குழம்பா என்று நான் யோசித்தபோது, மச்சான் சத்தமாக, "ரெண்டும் செவப்புதான் மாமா, பயப்படாம சாப்டுங்க" என்றான். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். நானே இந்தக் கதையை நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இனி வரும் கடைசிப் பகுதியை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

போன மாதம் மாமியாரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். செல்வி ஓட்டினாள். பதினொன்றில் யாழினிக்கு எந்த குரூப் எடுப்பது என்று குழப்பம். கோயில் வந்ததும், "பூ கட்டிப் பாக்கலாமா? பூசாரியே கட்டட்டும்" என்றேன்.

"வாணாம்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "எங்கப்பாவுக்கு உங்கள ரொம்பப் புடிக்கும், இல்ல?" என்றாள்.

"ஆமா."

"நம்ம கல்யாணத்துக்கு அவருதான் பூ கட்டினாரு. வெள்ள வந்துச்சு. இன்னொரு பொட்டலத்த யாரும் பிரிச்சுப் பாக்கல."

மாமனார் இறந்து ஆறு வருஷமாகிறது. கேட்க ஆளில்லை. அவள் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டியில் அவளுக்குப் பானட் நன்றாகத் தெரிகிறது.