டி.டி.ஆர். அக்காவிடம் கடலை வாங்கியவர்கள்

இந்தப் பூமியில் கடலை விற்பவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். வாங்க வந்தவனை விசாரணை செய்து, தகுதி போதாது என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவள் எங்கள் டி.டி.ஆர். அக்கா ஒருத்திதான். டிக்கெட் பரிசோதகர் மாதிரி விசாரிப்பதால் வந்த பட்டப்பெயர் அது. பாஸ்போர்ட் வாங்கப் போனபோதுகூட என்னை யாரும் அத்தனை கேள்வி கேட்கவில்லை.

கோவில்பட்டிக்குத் தெற்கே, ரயில் பாதையைத் தள்ளிப் போட்டபோது அநாதையாக விடப்பட்ட ஒரு பழைய ஸ்டேஷன் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடம். தண்டவாளத்தைப் பெயர்த்த இடத்தைச் சமப்படுத்தி நடைபாதை ஆக்கினார்கள். இரண்டு பக்கமும் கரிசல். பருத்தி கொஞ்சம், கம்பு கொஞ்சம், மிச்சமெல்லாம் சீமைக்கருவேலம். ஸ்டேஷனுக்கு வெள்ளையடித்து 'இளைப்பாறும் இடம்' என்று பலகை மாட்டினார்கள். சர்க்கரையும் தொந்தியும் உள்ள ஊர்ப் பெரிய மனிதர்கள் காலையில் காரில் வந்து இறங்குவார்கள், ஸ்டேஷன் வரை நடப்பார்கள், உட்காருவார்கள், திரும்ப நடந்து போய்க் காரில் ஏறுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். என்னுடையது ஸ்கூட்டர், அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா அதற்கெல்லாம் முன்பிருந்தே பிளாட்பாரத்தில் இருந்தாள். பாசஞ்சர் ரயில் இங்கே நின்று சென்ற காலத்தில் ஜன்னல் ஜன்னலாக அவித்த கடலை விற்றவள். ரயில் போன பிறகும் சிமென்ட் பெஞ்சில் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பஸ் ஏறுவதற்கு ஸ்டேஷனைக் குறுக்காகக் கடந்துதான் மெயின் ரோட்டுக்குப் போவார்கள். அவர்களை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

நான் முதல்நாள் கேட்டேன்.

"அக்கா, ஒரு பொட்டலம் குடுங்க."

"எங்க போறீய?"

"எங்கயும் போகலக்கா. சும்மா நடக்கேன்."

"அப்பக் கெடையாது."

"ஏங்க்கா?"

"இது ஊருவிட்டு ஊரு போறவியளுக்கு அவிச்சது. கெளம்புன எடத்துக்கே திரும்பிப் போறவனுக்கு என்ன பசி வருது? வீட்டுல ஒங்க சம்சாரம் இட்லி அவிச்சு வச்சிருப்பாவ, போய்த் தின்னுங்க அண்ணாச்சி."

கடலை வாசனை மூக்கைத் துளைத்தது. மறுநாள் துணிந்து பொய் சொன்னேன். "கடம்பூருக்குப் போறேன்க்கா."

"அங்கன யாரு இருக்கா?"

"மைனி. எங்க அண்ணன் சம்சாரம்."

"என்ன செய்யுது அவியளுக்கு?"

மைனிக்கு ஏதாவது செய்யாவிட்டால் பொட்டலம் கிடைக்காது போலிருந்தது. கால் வீக்கம் என்றேன். அதோடு விட்டாளா? வாராவாரம் மைனி கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். முருங்கைக்கீரைச் சாறு தடவச் சொன்னாள். இல்லாத மைனிக்கு என்னால் எத்தனை நாள் வைத்தியம் பார்க்க முடியும்? ஒருநாள் சலித்துப்போய், மைனி தவறிவிட்டாள் என்றேன்.

அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு உண்மையாகவே அழுதாள். "துட்டி வீட்டுக்குப் போறவியகிட்டக் காசு வாங்கக் கூடாது" என்று இரண்டு பொட்டலத்தை மடியில் கட்டிவிட்டாள்.

விஷயம் நடைபாதை முழுவதும் பரவியது. அடுத்த வாரத்திலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரிகளின் சொந்தக்காரர்கள் மளமளவென்று சாக ஆரம்பித்தார்கள். இத்தனை வசதி படைத்தவர்கள் கால் வயிற்றுக் கடலைக்காகச் சித்தப்பாவைக் கொல்லும் அழகை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

நடைபாதைக் குழு என்று ஒன்று இருந்தது. அதன் செயலாளர் எப்போதும் தொப்பி போட்டிருப்பார், வெயில் இல்லாவிட்டாலும். பழைய ஸ்டேஷனைப் பார்க்கப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று சேதி வந்ததும் அவர் அக்காவிடம் ஓடினார்.

"யக்கா, அவிய மனசு வச்சா இந்த பெஞ்சு ஒங்களுக்கே நெலையா ஆகிரும். கோவப்பட்டாவன்னா கூடையத் தூக்கிர வேண்டியதுதான். அவியகிட்ட மட்டும் எங்க போறீயன்னு கேட்டுராதீய."

"சரி, கேக்கல" என்றாள் அக்கா. அதிகாரி வரும் நாளில் தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சேலை கட்டி வந்திருந்தாள்.

அதிகாரி வந்தார். மேளம் அடித்தார்கள். அவர் தூணைத் தடவினார், சுவரைத் தட்டிப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பிக்காரர் கண்ணைக் காட்ட, அக்கா எழுந்து பொட்டலத்தை நீட்டினாள். அவர் கையும் நீண்டது. அந்த நேரம் பார்த்து வருஷக்கணக்கான வாய்ப்பழக்கம் குறுக்கே விழுந்தது.

"எங்க போறீய?"

அவருக்குப் பின்னால் நின்ற நான், "கடம்பூர்னு சொல்லுங்க சார்" என்று கிசுகிசுத்தேன். அவர் சிரித்தார். "எங்கேயும் போகலம்மா, சும்மா பார்க்க வந்தேன்."

அக்கா தொப்பிக்காரரைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். பிறகு பொட்டலத்தைக் கூடையில் திரும்ப வைத்தாள்.

"ஏட்டி, குடு!" என்று தொப்பிக்காரர் மரியாதையை மறந்து கத்தினார்.

"அவிய வாயாலயே எங்கயும் போகலன்னு சொல்லிட்டாவளே, நான் என்ன செய்ய?" என்றாள் அக்கா.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். கோபமெல்லாம் தொப்பிக்காரருக்குத்தான். அந்த மாதமே 'பாரம்பரியக் கட்டடத்தில் விற்பனைக்கு அனுமதி இல்லை' என்று பலகை வந்தது. அடுத்த மாதம் அந்தப் பலகைக்கு நேர் கீழே கண்ணாடிக் கதவு போட்ட கடை வந்தது. பாட்டில் தண்ணீரும் சிறுதானிய பிஸ்கட்டும் விற்கிறார்கள். அது விற்பனையில் சேராது போலிருக்கிறது. அக்காவுக்காகக் குழுவில் வாயைத் திறந்தவன் நான் ஒருவன்தான். அவள் கையால் துட்டிக் கடலை தின்றவர்கள் அத்தனை பேரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். அங்கே இருப்பவர்கள் எல்லாருமே ஊருவிட்டு ஊரு போகிறவர்கள். யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, கேட்க நேரமும் இல்லை. பஸ் நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறாள். இந்த வயதில், வலிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு. பாதிப் பேர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சில்லறை தேடுவதற்குள் பஸ் போய்விடுகிறது.

என்னைக் கண்டதும் மூச்சு வாங்க நின்றாள். "என்ன அண்ணாச்சி, இங்கன?"

"ஒங்களப் பாக்கத்தான் வந்தேன்க்கா."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து, "நின்னுட்டே திங்காதீய, உக்காருங்க" என்றாள். சொல்லிவிட்டு, உட்காருவதற்கு இடம் தேடி நாலாப்பக்கமும் பார்த்தாள்.

அடுத்த பஸ் வந்தது. நான் அவள் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினேன்.