நாலு பனி ரயரும் ஒரு கஞ்சிக் கிடாரமும்

புரோசார்ட், மொன்றியல்,
உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்.

அன்புள்ள மச்சான் கிறகரிக்கு,

மடு மாதாவின் புண்ணியத்தில் நான் சுகம். உமது அக்கா அஞ்சலீனாவும் சுகமாயிருப்பதாகத்தான் தெரிகிறது. கேட்டறிய வழியில்லை, பெரிய வெள்ளியிலிருந்து அவ என்னோடு கதைப்பதில்லை.

லண்டனில் பனி கொட்டுவதே அருமை, அந்த ஊரில் வானுக்குப் பனி ரயர் பூட்டத் தேவையா என்று எழுதியிருந்தீர். முப்பது வருஷம் மொன்றியலில் வான் ஓடின ஆளிடம் கேட்டது நல்ல புத்தி. கட்டாயம் வாங்கும். இங்கே மார்ச் பதினைந்து வரை பனி ரயர் பூட்டியிருக்கவேண்டும் என்பது சட்டம். இந்த மாரிப் பனிக்காலம் முழுக்க நான் ஒருக்காலும் சறுக்கவில்லை. உமது அக்கா பக்கத்து சீற்றில் செபமாலையோடு இருந்து ஒவ்வொரு சந்தியிலும் மெதுவாப் போங்கோ, மெதுவாப் போங்கோ என்று சொல்லிக்கொண்டே வந்தா, அது வேறு கதை. றோட்டைப் பிடித்தது ரயர்தான். சட்டம் முடிந்த கையோடு, பதினாறாம் திகதி விடிய, பக்கத்து வீட்டுப் பற்றிக்கைக் கூப்பிட்டுக் கோடை ரயருக்கு மாத்திப்போட்டன்.

பெரிய வெள்ளி சிலுவைப்பாதை முடிய எங்கட கோயிலில் எண்பது சனத்துக்குக் கஞ்சி. ஏழு வருஷமாக, அதே கோயிலுக்கு வாற அன்டன் வீட்டுக் கஞ்சிதான். இந்த வருஷம் அக்கா பாதரிடம் கேட்டுக் கேட்டு எங்களுக்கு எடுத்தவ. விடியமுதல் எழும்பிக் காய்ச்சி, கிடாரத்தை வானில் ஏத்துவிச்சு, யேசுவின் பாடுகளைச் சொல்லி அழுகிற பசான் பாட முன்னுக்கே வேற ஆக்களின்ர காரில போயிட்டா. ஏப்ரல் எண்டும் பாராமல் பனி கொட்டுது. நான் தனிய, கொஞ்சம் பிந்தி, அதால கொஞ்சம் கெதியாப் போறன். பின்னால கிடாரத்து மூடி கிலுங்கிச்சு, என்னெண்டு ஒருக்காத் திரும்பிப் பாத்தன், அவ்வளவுதான், வான் சறுக்கிப் போய்ப் பனிக்கும்பியில ஏறி நிண்டுது, கஞ்சி முழுக்க என்ர சீற்றுக்குக் கீழ. வெறும் வயிறோட நிண்ட சனம் அன்டன் ஓடிப்போய் பேக்கரியில வாங்கிவந்த பாணைத் திண்டுது. அக்கா ஒரு மூலையில நிண்டு அழுதா. அது எனக்கு இன்னும் மனசைக் குடையுது.

பனி ரயர் கழட்டினதாலதான் சறுக்கினது எண்டு விளங்கப்படுத்தினன்.

"ரயரில ஒண்டுமில்லை. ஓடுற ஆளிலதான்," எண்டா.

ஆகவே மச்சான், நீர் ஒருக்காப் போன் எடுத்து, பிழை அத்தானில இல்லை, ரயரை வேளைக்குக் கழட்ட விட்ட சட்டத்திலதான் எண்டு சொல்லும். தம்பி சொன்னால் கேப்பா.

பிள்ளைகளை மாதா காப்பாராக.

அன்பு அத்தான்,
சவிரிமுத்து

பி.கு.: உமக்கு எழுதுவோமெண்டு ரயரின் பெயரைப் பார்க்க பேஸ்மென்றுக்கு இறங்கினன். பனி ரயரென்றால் பக்கவாட்டில் மலையும் பனிப்பூவும் பொறித்திருக்கும். அங்கே கிடக்கிற நாலிலும் அது இல்லை. வானில் பூட்டியிருக்கிற நாலிலும் இருக்கு. போன வருஷம் பனி முடிய நான் பனி ரயரைக் கழட்டவே மறந்திருக்கிறன். நவம்பரில், பனி ரயரெண்டு நினைச்சு பேஸ்மென்றிலிருந்து நான் உருட்டிக்கொண்டு போய்க் குடுத்த கோடை ரயரைப் பற்றிக் பூட்டியிருக்கிறான். மாரி முழுக்க ஓடினது கோடை ரயரில. கஞ்சியைக் கொட்டினது பனி ரயரில. நீர் போன் எடுக்கவேண்டாம், நானே மேலே போய் அவவிட்டச் சொல்லுறன். ரயர் வாங்கிறதோ விடுறதோ உமது விருப்பம். பக்கத்து சீற்றுக்கு மட்டும் அக்காவைக் கேட்காதையும், அவ எனக்கு வேணும்.