அத்தை நேர்ந்துவிட்ட கோழி

மாமியார் வீட்டில் நல்ல பெயர் வாங்க நினைக்கிற மருமகன், ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும். எனக்கு இது தெரியவந்தபோது காரியம் கெட்டுப்போயிருந்தது.

என் வேலை நிரந்தரமானால் கருப்பசாமிக்குக் கோழி அறுப்பதாக ஆனையூரில் இருக்கும் என் மாமியார் வேண்டியிருந்தார். வேலை நிரந்தரமாகிவிட்டது. நேர்ந்துவிட்ட கோழிதான் படுத்துவிட்டது. இரை எடுக்கவில்லை, இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழுந்தது. இறக்கையை விலக்கினால் அடியில் பேன் ஊர்ந்தது.

"நோக்காட்டுக் கோழியச் சாமிக்குக் குடுக்கக் கூடாது மாப்ள. நேந்துவிட்டத மாத்தவும் கூடாது" என்றார் அத்தை.

"விடுங்கத்தை, நான் பாத்துக்கிறேன்" என்றேன். (அதுவரை கோழியோடு எனக்கு இருந்த பழக்கமெல்லாம் குழம்பில்தான்.)

கால்நடை டாக்டர் குடற்புழுவுக்கும் பேனுக்கும் மருந்து கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, தினமும் காலையில் ஆபீஸ் போகிற வழியில் அத்தை வீட்டுக்குப் போய், வேப்பிலையும் மஞ்சளும் கொதித்து ஆறிய தண்ணீரில் குளிப்பாட்டவும் ஆரம்பித்தேன். முதல் நாள் அது உதறிய உதறலில் என் ஆபீஸ் சட்டை மஞ்சளானது. மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றிய கையோடு துண்டைப் போட்டுச் சுற்றிவிட்டேன். கோழிக்கும் அது பழகிவிட்டது. தலையில் தண்ணீர் விழுந்தால், கண்ணை மூடிக்கொண்டு துண்டுக்காகக் காத்திருக்கும். பேன் போனது, பசி வந்தது, பூனைச் சோற்றையும் சேர்த்துத் தின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கோயிலுக்குச் சொந்தபந்தமெல்லாம் வேனில் வந்து இறங்கிவிட்டது. மசாலா அரைத்தாயிற்று. பூசாரி கோழியின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம், அப்புறம்தான் அறுப்பார்கள்.

கோழி கண்ணை மூடிக்கொண்டது.

ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே ஊற்றிப் பார்த்தார். அசையவில்லை.

"துலுக்க மாட்டேங்குதே தாயி. குடும்பத்துல ஏதும் குத்தங்குறை இருக்கா?" என்றார் பூசாரி.

அத்தையின் முகம் செத்துவிட்டது. வேண்டுதல் என் வேலைக்கானது என்பதால் மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. "லஞ்சம் கிஞ்சம் வாங்குனீங்களா?" என்று காதருகே கேட்டாள் என் மனைவி செல்வி. (வேலை நிரந்தரமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எவன் கொடுப்பான்?)

"அது துண்டுக்குக் காத்துக்கிட்டிருக்கு" என்று நடந்ததைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. கோழி மட்டும் ஒரு கண்ணைத் திறந்தது. என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்ததும் நேராக வந்து காலடியில் நின்றது. அத்தனை பேர் பார்க்க அதைச் சுற்றித் துவட்டிவிட்டேன். மானம் போயிற்று.

"சாமிக்கு வேணாமாம். கொண்டுபோய் வளங்க" என்று முடித்துவிட்டார் பூசாரி. அரைத்த மசாலாவில் கத்தரிக்காயைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே ஊர் திரும்பினார்கள்.

சாமியே வேண்டாமென்றதை யார் அறுப்பது? கோழி இன்றும் அத்தை வீட்டில் ராஜபோகமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே நான் எழுந்திருக்காமல் கிடந்தால், அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்: "தண்ணி ஊத்தியும் புண்ணியமில்ல செல்வி. துண்டக் கொண்டு போ."

நான் கண்ணைத் திறப்பதில்லை. அந்தக் கோழி அப்படித்தானே தப்பித்தது.