அறுபது குதிரையும் ஓர் எருமையும்

இந்த வருஷம் செபஸ்தியார் திருவிழாவில் முதல் ஏலத்தை எடுக்காமல் வீடு திரும்புவதில்லை என்று சின்னப்பன் சபதம் போட்டான். போட்ட இடம் அவனுடைய கொட்டாய். போட்ட நேரத்தில் கையில் சீட்டு. சாட்சிக்கு அவனோடு சீட்டாடும் மூன்று பேர். மூவரும் தலையாட்டினார்கள். அந்தக் கொட்டாயின் நிழலில் பகல் முழுக்கக் காலை நீட்டி உட்காருகிறவர்கள் வேறென்ன செய்வார்கள்?

பாலக்கோட்டுக்குப் பக்கத்து ஊர். அங்கே கோயில் ஏலம் ரூபாயில் நடக்காது. தை மாதம் களத்தில் ராகி குவிந்திருக்கும். மூட்டைக் கணக்கில்தான் கேட்பார்கள். நேர்ச்சையாக வந்த பொருள்களில் முதலாவதை எடுத்தவன் வீடு வரைக்கும் மேளம் வரும். அந்த மேளம் வருஷா வருஷம் சின்னப்பனின் மச்சான் பெரியநாயகம் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. பெண்டாட்டியின் அண்ணன் வீட்டு மேளத்தை எத்தனை வருஷம்தான் ஒரு மனுஷன் காதில் வாங்குவான்?

திருவிழா அன்றைக்குப் பார்த்து ஓர் ஆட்டம் முடியாமல் இழுத்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் ஓடிச் சேர்ந்தபோது ஏலம் தொடங்கிவிட்டது. கோயிலுக்கு முன்னால் ஒரு மேடை. அதற்குச் சிவப்புத் துணி போர்த்தி, சாமந்தி மாலை சாத்தியிருந்தார்கள். மேடையின் மேல் ஒரு கிடா. என்ன கிடா! ஊர் மணியக்காரர் மாதிரி நின்றுகொண்டு மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

"ஒரு மூட்டை!" என்றார் பெரியநாயகம்.

"ரெண்டு!" என்றான் சின்னப்பன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"ரெண்டே கால்."

"நாலு!"

பெரியநாயகம் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ளே, நல்லாப் பாத்துத்தான் கேக்கறீங்களா?"

"கொம்புலருந்து கொளம்பு வரைக்கும் பாத்தாச்சு மச்சான்."

பெரியநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். உபதேசியார் மதலைமுத்து மூன்று தரம் கூவி மணியை அடித்தார். மேளம் முழங்கியது. மேடைத் துணியை உருவினார்கள்.

அது மேடை இல்லை, மோட்டார். ஜவ்வரிசி செய்கிற சேகோ மில் முதலாளி குப்புராஜ் புது மோட்டார் வாங்கியதும், வேண்டாமல் கிடந்த பழைய அறுபது குதிரை சக்தி மோட்டாரைக் காணிக்கையாகத் தள்ளிவிட்டிருந்தார். யானைக்குட்டி படுத்த மாதிரி கறுப்பாகக் கிடந்தது. தூக்குவதற்கு உச்சந்தலையில் ஓர் இரும்பு வளையம்.

"ஆடு?" என்றான் சின்னப்பன்.

"ஏலத்துல ஆடு ஏதுங்க? சாமியார்கிட்ட தீர்த்தம் தெளிக்க யாரோ கூட்டியாந்து, கட்ட எடமில்லாம வளையத்துல கட்டிட்டுப் போயிருக்காங்க" என்றார் உபதேசியார்.

அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆட்டைக் காணோம்.

வேண்டாம் என்று சொல்ல முடியாது. செபஸ்தியார் ஏலத்தில் எடுத்ததைத் திருப்பித் தரவும் கூடாது, விற்கவும் கூடாது. முன்னொரு காலத்தில் ஒருவன் ஏலச் சேவலைச் சந்தையில் விற்றானாம். அன்றுமுதல் விடியற்காலையில் அவனே கூவ ஆரம்பித்துவிட்டானாம். நம்பாதவர்கள் உண்டு. ஆனால் நம்பாதவர்களும் விற்றதில்லை.

ஆக, மேளம் முன்னே, மோட்டார் பின்னே. இரண்டு ஜோடி மாடு பூட்டி, எட்டு ஆள் நெம்பி, நாக்குத் தள்ள வந்து சேர்ந்தது. வாசலில் அவன் மனைவி இன்னாசியம்மாள் நின்றிருந்தாள்.

"எங்கேங்க எறக்கறது?" என்று வண்டிக்காரன் கேட்டு வாயை மூடவில்லை.

"மழைத் தண்ணி பட்டாத் துருப்புடிச்சிரும். கொட்டாய்ல எறக்குங்க" என்றாள்.

இறக்கினார்கள். சீட்டு விளையாடும் இடத்தின் நட்ட நடுவில். எட்டுப் பேரும் இனி அதைத் தொடவே மாட்டோம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இன்னாசியம்மாளுக்கு அந்தக் கொட்டாய் மேல் கல்யாணமான நாளிலிருந்து ஒரு கண். கட்ட இடமிருந்தால் எருமை ஒன்று தருகிறேன் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். இடம் இருந்தது, இடத்தில் சீட்டாட்டம் இருந்தது. தினமும் எதிர்வீட்டு மாதம்மாளிடம் சொம்பை நீட்டிப் பால் வாங்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். சின்னப்பனுக்கு அது தெரியாது. வீட்டில் ஆடு நாலா ஐந்தா என்று கேட்டாலே யோசிக்கிற ஆள் அவன்.

"நாலு மூட்ட ராகி. புள்ளைங்க திங்கற களி. அதக் குடுத்து இரும்பு வாங்கியாந்துருக்கீங்க. இதுக்கு என்னா உபயோகம்?"

"உபயோகமா? உள்ள அறுபது குதிரை இருக்குதுடி!"

"ஒன்னு கூடக் கனைக்கக் காணோமே."

"கரண்டு குடுத்தாக் கனைக்கும்."

"சரிங்க. பாஸ்கா பண்டிகைக்குள்ள இதுக்கு ஒரு உபயோகம் கண்டுபுடிங்க. கண்டுபுடிச்சா கொட்டாய் ஒங்களுது. சாவற வரைக்கும் சீட்டாடுங்க, நான் வாயத் தொறக்கல. இல்லீன்னா கொட்டாய் எருமைக்கு. மேளத்தோட வந்த உபதேசியாரு சாட்சி."

"அவ்வளவுதானே!" என்றான் சின்னப்பன். ஆம்பளை என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் லைன்மேன் மாதேஸ்வரனைக் கூட்டிவந்து காட்டினான்.

"கெணத்துக்கு மாட்டலாமா?"

"கெணத்துல தண்ணி எவ்வளவுங்க?"

"இடுப்பளவு."

"ஒரே உறிஞ்சுல தண்ணி தீந்து, தவளை வந்து வரப்புல வுழும். அதுக்கும் மொதல்ல கரண்டு ஓணுமே. நம்மூரு டிரான்ஸ்பார்மரு இதப் பாத்தாலே மயக்கம் போட்டுரும். கோயில் லைட்டுலருந்து பஞ்சாயத்து ரேடியோ வரைக்கும் எல்லாம் படுத்துக்கும்."

பிறகு மோட்டார் மேல் பலகை போட்டுச் சீட்டு மேசையாக்கினான். மோட்டார் முதுகு உருண்டை. ஒருவர் முழங்கையை ஊன்றினால் எதிரில் இருப்பவர் சீட்டு மூஞ்சிக்குப் பறந்தது. நண்பர்கள் தவக்காலம் முழுக்கப் புளியமரத்தடி வெயிலில் உட்கார்ந்து, அவனை மனதாரத் திட்டிக்கொண்டே ஆடினார்கள்.

அடுத்து, கொட்டை எடுத்த புளியை அழுத்தி வைக்கப் பாரம் வேண்டுமே என்று ஒரு யோசனை. கடப்பாரையால் ஒரு பக்கம் நெம்பிப் புளிக்கூடையை அடியில் கொடுத்தான். கடப்பாரை வழுக்கியது. கூடை அப்பளமாயிற்று. இன்னாசியம்மாள் உட்கார்ந்து கரண்டியால் புளியைச் சுரண்டி எடுத்தாள்.

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள் பெரியநாயகம் எருமையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"கெடு இன்னும் முடியலியே!" என்று குதித்தான் சின்னப்பன்.

"வெளிய மொளையடிச்சுத்தானேங்க கட்டப் போறேன்? கெடு முடியற வரைக்கும் கொட்டாய்ல அது கால் வெக்காது" என்றாள் இன்னாசியம்மாள். முளையை அவளே அடித்தாள். கல்லால் ரெண்டு தட்டு. அதுவே போதும் என்றுவிட்டாள்.

எருமை முளையைப் பிடுங்கிக்கொண்டு போய் மாதம்மாளின் அவரைப் பந்தலை மேய்ந்தது. வேறு முளை அடித்தாள். அதையும் பிடுங்கிக்கொண்டு போய் மீதிப் பந்தலை மேய்ந்தது. மாதம்மாள் நடுத்தெருவில் நின்று சின்னப்பனின் ஏழு தலைமுறையையும் விசாரித்தாள்.

"ஏங்க, இத அசையாமக் கட்டி வெக்கற மாதிரி ஊர்ல ஒரு பொருளு கெடையாதா?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள் இன்னாசியம்மாள்.

சின்னப்பன் மூளையில் அப்போதுதான் கரண்டு பாய்ந்தது. ஓடினான். எருமையைப் பிடித்து இழுத்தான். கொட்டாய்க்குள் கொண்டுபோய் மோட்டார் வளையத்தில் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டான். எருமை இழுத்தது. முட்டுக் கொடுத்து இழுத்தது. மோட்டாரைத் திரும்பிப் பார்த்தது. அறுபது குதிரைக்கு முன்னால் ஓர் எருமை என்ன செய்யும்? பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

"உபதேசியாரே, ஓடியாங்க! மச்சான், பாருங்க! மோட்டாருக்கு உபயோகம் கண்டுபுடிச்சாச்சு! கொட்டாய் எனக்குத்தான்!"

உபதேசியார் வந்து பார்த்து, உபயோகம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

"நீங்கதான் செயிச்சீங்க. கொட்டாய் ஒங்களுது" என்றாள் இன்னாசியம்மாள். அவ்வளவு பணிவாக அவள் பேசி அவன் கேட்டதில்லை.

அன்றைக்கே சீட்டுக்கட்டோடு நண்பர்கள் வந்தார்கள். வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மோட்டார் போக மிச்ச இடத்தில் எருமை. எருமை போக மிச்ச இடத்தில் சாணி.

"இன்னாசி! எருமையை வெளிய புடிச்சுக் கட்டு!"

"கட்டலாங்க. அவுத்துட்டா மோட்டாருக்கு உபயோகம் இல்லாமப் போயிரும். போச்சுன்னா கொட்டாய் என்னுது. என்னுதுன்னா அதுல எருமையத்தானே கட்டுவேன்?" என்றபடி சொம்பை எடுத்துக்கொண்டு பால் கறக்க உட்கார்ந்தாள்.

சின்னப்பன் கணக்கை முன்னாலிருந்து பார்த்தான், பின்னாலிருந்தும் பார்த்தான். இரண்டு பக்கமும் எருமையே நின்றது. நண்பர்கள் புளியமரத்தடிக்கே திரும்பி நடந்தார்கள். மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்ட அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"இருந்தாலும், மோட்டாரைக் கட்டுத்தறியாக்கலாம்னு இந்த ஊர்ல மொதமொதல்ல தோணுனது எனக்குத்தானே? ஒனக்குத் தோணுச்சா?"

இன்னாசியம்மாள் கறப்பதை நிறுத்தாமல் சொன்னாள்.

"திருவிழா அன்னிக்கு அதுல கட்டியிருந்த கெடா நம்ம வூட்டுக் கெடாதானுங்க."