தாய்மாமன் மேல் விழுந்த கோடு

உறவினர்களுக்கும் பிரவுசருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் செய்யும் தப்பை உறவினர்கள் அங்கேயே சொல்லிக் காட்டிவிடுவார்கள். பிரவுசர் வாயே திறக்காது. நாம் என்ன சொல்ல வந்தோம் என்று அதுவாக ஊகித்து, அந்தத் தப்பை ஊரறிய விரித்து வைத்துவிடும். இதை நான் மன்னார்குடியில் படித்த மூன்று மாத வெப் டிசைன் வகுப்பில் கற்கவில்லை. என் அண்ணன் மகளின் காதுகுத்தில் கற்றேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் தெருவில் ஹெச்.டி.எம்.எல். தெரிந்த ஒரே ஆள் நான்தான் (பாதிதான் தெரியும் என்பது தெருவுக்குத் தெரியாது). அச்சடித்த பத்திரிகை போதாது, வெப்சைட்டிலும் அழைப்பிதழ் போடுகிறேன் என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். மேலே பிள்ளையார், அடுத்து மறைந்த தாத்தா பாட்டிகளின் ஆசி, பிறகு நேரம், கடைசியில் அழைக்கிறவர்களின் பட்டியல்.

பட்டியலில் முதல் பெயர் தாய்மாமன் ராஜேந்திரன். அண்ணியின் அண்ணன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம். வீட்டில் எல்லாரும் மாமா என்று கூப்பிடுவதால் எனக்கும் மாமா. அவர் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். அவர் வராவிட்டால் காதுகுத்தே இல்லை.

நாலு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் என்பது அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. பத்தரை என்று போட்டிருந்த நேரம் ஒன்பதாக மாறியது. பழையதை அழித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் துணி விற்கும் தளங்களில் பழைய விலையைக் கோடு போட்டு அடித்திருப்பார்களே, அந்த ஸ்டைல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புது நேரத்தைப் பெரிதாகப் போட்டு, அதற்குக் கீழே பழைய நேரத்துக்கு முன்னால் கோடு போடச் சொல்லும் டேக்கை வைத்தேன். கோட்டை நிறுத்தச் சொல்லும் டேக்கை வைக்கவில்லை. பத்தி முடிந்தால் கோடும் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

பிரவுசர் அப்படி நினைக்கவில்லை. தம்பி அடிக்கச் சொல்லியிருக்கிறான், நிறுத்தச் சொல்லவில்லையே என்று அடுத்தடுத்த பத்திகளுக்கும் அந்தக் கோட்டை விசுவாசமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நான் போனில் மேல்பாதியை மட்டும் பார்த்து மெய்மறந்து, குடும்ப வாட்ஸப் குழுவில் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

கை கழுவுவதற்குள் சிங்கப்பூர் சித்தப்பா கூப்பிட்டுவிட்டார். "யாருக்குடா என்னாச்சு?"

திறந்து பார்த்தேன். இறந்துபோன தாத்தா பாட்டிகள் மேலே பளிச்சென்று இருந்தார்கள். உயிரோடு இருந்த பதினாலு பேரும் கீழே வரிசையாக அடிபட்டுக் கிடந்தார்கள். முதல் அடி மாமாவுக்கு.

அண்ணி போனோடு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "தம்பி, எங்கண்ணன் வரலையாம். 'என்னைத்தான் அடிச்சிட்டாங்களே, வேற மடி பாத்துக்கங்க'ன்னு சொல்லுது."

எனக்குச் சோறு இறங்கவில்லை (பாயசம் இறங்கியது, அது வேறு விஷயம்). அண்ணன் பைக் சாவியைத் தூக்கிப் போட்டான்.

மாமா வரப்பில் நின்று வயலில் டிராக்டர் சேறடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டிராக்டரை இன்னும் கவனமாகப் பார்த்தார்.

"மாமா, நான் அடிக்கலைங்க. பிரவுசர்தான் அடிச்சிடுச்சு."

"பிரவுசருக்கு என் மேல என்ன கோவம்?"

டேக் என்றால் என்ன, திறப்பது எது, மூடுவது எது என்று கால் மணி நேரம் உளறினேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மடையைத் தொறந்துட்டு மூடாம வந்துட்டே. தண்ணி கடைசி வயல் வரைக்கும் போயிடுச்சு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். மூன்று மாத ஃபீஸ் கட்டியும் எனக்கு இது இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை. அங்கேயே வரப்பில் குந்தி, போனிலேயே மூடும் டேக்கைச் சேர்த்தேன். மாமா தன் போனை எடுத்துப் பார்த்தார். கோடு அப்படியே இருந்தது. அவர் போன் பழைய பக்கத்தையே சேமித்து வைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மூடிட்டேன்னியே?"

"மூடிட்டேன் மாமா. உங்க போன்ல பழைய தண்ணி நிக்குதுங்க."

மாமா அப்போதுதான் சிரித்தார். "சரி, வடியட்டும். வெள்ளிக்கிழமை வர்றேன், போ."

வந்தார். எட்டரைக்கே சீர்த்தட்டுகளோடு வந்தார். அவர் மடியில் குழந்தை ஊரைக் கூட்டி அழுதபோது, வீட்டிலேயே நிம்மதியாக மூச்சுவிட்டவன் நான்தான்.

ஆனால் மாமா மறக்கவில்லை. ஆறு வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் வைத்தார். மணமகன் பெயர் மேல் மட்டும் தடித்த சிவப்புக் கோடு. கீழே சின்ன எழுத்தில், 'மடையை மூட மறந்துவிட்டோம், மன்னிக்கவும்.' பெண் வீட்டார் பதறிப்போனார்கள். என் மாமனார் அப்பாவைத் தனியாக அழைத்து, "மாப்பிள்ளை மாறிட்டாருங்களா?" என்று கேட்டார்.

அந்த பேனர் இன்னும் கிழியவில்லை. அறுவடைக்கு அறுவடை, எங்கள் வீட்டுக் களத்தில் நெல்லை மூட அதைத்தான் விரிக்கிறார்கள். மழை தூறினால் போதும், அண்ணி களத்துக்குக் குரல் கொடுப்பார்: "தம்பியை எடுத்துட்டு வந்து மூடுங்க."